பூட்டி வைத்த தேயிலை: தென் இங்கிலாந்தில் ஆறு நாள்

நாள் 1: லண்டன், ஸ்ட்ராண்ட் தெரு

தூத்துக்குடியில் சுங்கத் தரகர் அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் இறக்குமதிப் பத்திரம் எழுதியவன் நான். வந்த சரக்கு எது, அதன் மதிப்பு என்ன, அதற்குத் தீர்வை எத்தனை சதவீதம் என்ற மூன்று கேள்விகளுக்கு நடுவிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. அதனால்தான், 1784 ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் தேயிலை மீதான வரி 119 சதவீதம் வரை ஏறியிருந்தது என்று சில ஆண்டுகளுக்கு முன் படித்தபோது, அந்த எண் என் மனத்தை விட்டு அகலவே இல்லை. ஏலத்தில் 100 பவுண்டுக்கு எடுத்த சரக்கைக் கிடங்கிலிருந்து வெளியே கொண்டுவர 219 பவுண்டு ஆகும் என்றால், ஒழுங்காகக் கணக்கு எழுதும் வியாபாரி எப்படிப் பிழைத்தான்? மகளைப் பார்க்க லண்டன் வந்திருக்கும் இந்தக் கோடையில் அந்தக் கேள்வியோடு ஆறு நாள் ஊர் சுற்றி, அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பவுண்டு என்ற ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் எடையும் பணமும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க, எடையை நம் பெரியவர்கள் சொன்னபடி ராத்தல் என்றே எழுதுகிறேன்.

இன்று காலை முதலில் சென்றது ஸ்ட்ராண்ட் தெரு 216 ஆம் எண் கடைக்கு. தாமஸ் ட்வைனிங் 1706 இல் இங்கிருந்த டாம்ஸ் காப்பிக் கடையை விலைக்கு வாங்கித் தேயிலை விற்கத் தொடங்கினார். கடை மிகக் குறுகலானது. வாசலுக்கு மேலே தங்க நிறச் சிங்கம் ஒன்று படுத்திருக்க, அதன் இரு பக்கமும் சீன வணிகர் உருவங்கள் இரண்டு அமர்ந்திருக்கின்றன. இந்த வாசலைக் கட்டிய ஆண்டு 1787, அதாவது வரி குறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. தொழில் செழித்த வீட்டின் நிலைக்கதவைப் பார்த்தால் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த நினைவோடு எதிர்ப்புற நடைபாதையில் வெகுநேரம் நின்று பார்த்தேன்.

தேயிலை வரியின் தொடக்கமே விசித்திரமானது. 1660 இல் போட்ட முதல் வரி இலைக்கு அன்று, வடித்த தேநீருக்கு: ஒரு காலனுக்கு 8 பென்ஸ். கலால் அலுவலர் காப்பிக் கடைகளுக்கு நேரில் வந்து அளந்த பிறகே விற்க முடியும் என்பதால், கடைக்காரர்கள் மொத்தமாக வடித்துப் பீப்பாயில் ஊற்றி வைத்து, அளவெடுத்துப் போன பின் சூடாக்கிச் சூடாக்கி விற்றார்கள். வரியை விதித்தவர்களுக்குச் சரக்கின் இயல்பு தெரியவில்லை. 1689 இல்தான் வரி இலைக்கு மாறியது. 1720களில் பிரதமர் ராபர்ட் வால்போல் இன்னொரு முக்கியமான மாற்றத்தைச் செய்தார்: வரும் தேயிலையை முத்திரையிட்ட கிடங்கில் வைத்துவிட்டு, உள்நாட்டு விற்பனைக்கு எடுக்கும்போது மட்டும் உள்நாட்டுத் தீர்வையைக் கட்டினால் போதும். நான் வாழ்நாளெல்லாம் பாண்டட் கிடங்கு என்று சொல்லி வந்த ஏற்பாடு இதுதான். அதன் முன்னோர்களில் ஒன்றை இந்தத் தேயிலைப் பெட்டிகளுக்கிடையே கண்டதில், பிரிந்த உறவினரைக் கண்டது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

மாலையில் லெடன்ஹால் தெருவுக்கு நடந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்த இடத்தில் இன்று லாயிட்ஸ் காப்பீட்டுக் கட்டடம் எஃகுக் குழாய்களோடு நிற்கிறது. கம்பெனியின் ஏலங்கள் இங்கேதான் நடந்தன. ஓர் அங்குல மெழுகுவத்தி எரிந்து தீரும்வரை விலை கேட்கலாம் என்ற பழைய முறையும் அவற்றில் உண்டு. இங்கிலாந்துக்குள் சட்டப்படி வந்த தேயிலை முழுவதும் இந்த ஒரே கதவின் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. இதை நாளைக்கு விரிவாக எழுத வேண்டும்.

நாள் 2: கௌட்ஹர்ஸ்ட், கென்ட்

டன்பிரிட்ஜ் வெல்ஸிலிருந்து பேருந்தில் வந்தேன். கென்ட் மாவட்டத்தின் பழத்தோட்டங்களுக்கு நடுவே சட்டென்று மேடேறும் ஊர். மேட்டின் உச்சியில் புனித மரியா தேவாலயமும் அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டமும். 1747 ஏப்ரலில் இந்தக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் ஊராரும் கடத்தல்காரர்களும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள்.

இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஹாக்ஹர்ஸ்ட் ஊரின் பெயரால் அறியப்பட்ட கும்பல் அது. தேயிலையும் பிராந்தியும் கடத்தியவர்கள் காலப்போக்கில் சுற்று வட்டாரத்தையே மிரட்டி வாழத் தொடங்கினார்கள். பொறுக்க முடியாத கௌட்ஹர்ஸ்ட் மக்கள், படையில் பணியாற்றித் திரும்பியிருந்த ஸ்டர்ட் என்பவரின் தலைமையில் ஒன்றுகூடி எதிர்ப்பதாகக் கையெழுத்திட்டார்கள். செய்தி அறிந்த கும்பல் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில், இன்ன நாளில் வந்து ஊரைக் கொளுத்துவேன் என்று சொல்லியனுப்பினான். சொன்னபடி வந்தான். ஊரார் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக் காத்திருந்தார்கள். தலைவனின் உடன்பிறந்தவனான ஜார்ஜ் உட்படக் கும்பலில் சிலர் மாண்டார்கள், மற்றவர்கள் ஓடினார்கள்.

கல்லறைத் தோட்டத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைத் தின்றபடி யோசித்தேன். ஓர் இலைக்காக இத்தனை துணிச்சல் எங்கிருந்து வந்தது? தேயிலையை அடைத்து நிறுத்தியவை இரண்டு சுவர்கள். முதற்சுவர் வரி. இரண்டாவது சுவர், பலர் கவனிக்காமல் விடும் இறக்குமதித் தடை: ஆசியாவிலிருந்து தேயிலை கொண்டுவரும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே உரியது, ஐரோப்பாவின் வேறு துறைமுகங்களிலிருந்து தேயிலை வாங்கி வருவதே குற்றம். ஆகவே ஒரு வியாபாரி முழு வரியையும் கட்டத் தயாராக ஆம்ஸ்டர்டாமில் நல்ல தேயிலை வாங்கினாலும், அதைச் சட்டப்படி இறக்க வழியே கிடையாது. அதே வேளையில் ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில் டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனிஷ்காரர், 1731 இல் தொடங்கிய ஸ்வீடன் கம்பெனி என எல்லோருடைய கப்பல்களும் சீனத்தின் காண்டன் துறைமுகத்தில் தேயிலை ஏற்றி வந்தன. தங்கள் நாட்டு மக்கள் அதிகம் குடிக்காத அந்தத் தேயிலையை அவர்கள் ஏன் இவ்வளவு வாங்கினார்கள் என்றால், அதில் பெரும்பகுதி இருட்டில் இங்கிலாந்துக் கரையில் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தேயிலையின் இயல்பும் இதற்கு ஒத்துழைத்தது. எடை குறைவு, விலை அதிகம், எண்ணெய்த்துணிப் பைகளில் கட்டிக் குதிரையின் இரு பக்கமும் தொங்கவிட்டால் இரவோடு இரவாகப் பல மைல் போய்விடும். ஒரு வாரம் வயலில் வேலை செய்து வாங்கும் கூலியை ஓர் இரவு மூட்டை தூக்கிச் சம்பாதிக்க முடிந்தபோது, ஏழைக் கூலியாளை மட்டும் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் கிங்ஸ்மில் கூலியாள் அல்லன். ஊரைக் கொளுத்துவேன் என்றவனை ஏழைகளின் காவலனாக்கிக் கதை சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

நாள் 3: ரை

கற்கள் பாவிய சரிவான தெரு, மெர்மெய்ட் விடுதி, அதன் கீழே பழமையான நிலவறை. ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் இங்கே மேசைமேல் கைத்துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு குடித்ததாகச் சொல்லுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் மிகுதி. நாளின் பெரும்பகுதி மேற்கே பூல் நகருக்கு ரயில் மாறி மாறிப் போவதிலேயே கழிந்தது.

வழியில் கண்ட பழைய வீடுகள் சிலவற்றில் சன்னல் இருக்க வேண்டிய இடம் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. 1696 முதல் 1851 வரை இந்த நாட்டில் சன்னல்களை எண்ணி வரி வாங்கினார்கள். அடைத்த சன்னல் எல்லாமே வரிக்குப் பயந்து அடைத்தது அன்று. முகப்பின் ஒழுங்குக்காகத் தொடக்கத்திலேயே போலியாக வைத்தவையும் உண்டு. என்றாலும் அந்தக் குருட்டுச் சன்னல்களுக்கும் என் தேயிலைக் கதைக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதைக் கடைசி நாளில் சொல்கிறேன்.

நாள் 4: பூல் துறைமேடை

நான் இந்தப் பயணம் வந்ததே இந்த இடத்துக்காகத்தான். பூல் துறைமேடையில் சுங்க மாளிகை நிற்கிறது: இரு பக்கமும் வளைந்து ஏறும் படிகள், நடுவே மேல்மாடிக் கதவு. தீ விபத்துக்குப் பிறகு 1813 இல் எழுப்பிய கட்டடம் இது. 1747 இல் கொள்ளை போனது இதற்கு முந்தையது. மாளிகைக்கு எதிரே தடித்த மரத்தூண்களில் ஒரு பெரிய எடைத்துலாம் நிற்கிறது. சரக்கை அதில் தொங்கவிட்டு நிறுத்து, நிறைக்கேற்ப வரி போடுவார்கள். அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மழையும் உப்புக்காற்றும் பட்டுக் கோடுகோடாக வெடித்திருந்தது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தராசுக் கொக்கியில் சாக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் கணக்குப்பிள்ளை உரத்த குரலில் எடையைச் சொல்ல, நான் பேரேட்டில் குறித்தது நினைவுக்கு வந்தது. துலாம் எந்த ஊரில் இருந்தாலும் அதன் முன்னால் நிற்பவன் மனத்தில் ஒரே அச்சந்தான்.

1747 செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயிலுள்ள கெர்ன்சித் தீவிலிருந்து கடத்தல் சரக்கோடு வந்த ஒரு கப்பலை வருவாய்த்துறைக் கப்பல் ஒன்று துரத்திப் பிடித்தது. ஏறத்தாழ இரண்டு டன் தேயிலையும் சில பீப்பாய் மதுவும் சிக்கின. எல்லாம் பூல் சுங்கக் கிடங்கில் வைத்துப் பூட்டப்பட்டன. பணம் போட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. அக்டோபர் 6 ஆம் நாள் இரவு, கிங்ஸ்மில்லின் ஹாக்ஹர்ஸ்ட் கும்பலும் சேர்ந்து சுமார் 60 பேர் ஆயுதங்களோடு குதிரைகளில் வந்தார்கள். பாதிப் பேர் சாலைகளைக் காத்து நிற்க, மற்றவர்கள் துறைமேடையில் இறங்கினார்கள். சுங்கக் கிடங்கை நோக்கிப் பீரங்கிகளோடு ஓர் அரசுப் போர்க்கப்பல் அங்கே நின்றது. அதைக் கண்டு சிலர் திரும்பிவிட நினைத்தார்கள். ஆனால் அப்போது கடல் வற்றத் தொடங்கியிருந்தது. நீர் இறங்க இறங்கக் கப்பலும் இறங்கி, பீரங்கிகளின் வாய் துறைமேடையின் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. சுட முடியாது என்று தெரிந்ததும் கதவுகளை உடைத்தார்கள்.

இன்று பிற்பகல் நானும் நீர் வற்றும் நேரம் பார்த்து அங்கே நின்றேன். கட்டியிருந்த ஒரு மீன்பிடிப் படகின் மேல்தளம் முதலில் என் முழங்கால் மட்டத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருக்க, அது மெல்ல மெல்லக் கல்லின் விளிம்புக்குக் கீழே போயிற்று. கல்லில் ஈரக்கோடு ஒன்று மட்டும் எஞ்சியது. ஓர் அரசின் வருவாய்ச் சட்டம் முழுவதும் அன்றிரவு அந்த ஈரக்கோட்டின் உயரத்தில் தோற்றது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: உள்ளே போனவர்கள் மதுப் பீப்பாய்களைத் தொடவில்லை. தேயிலையை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். பிராந்தியைவிடத் தேயிலைக்குத்தான் அன்று மதிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1745 இல், அரசு உள்நாட்டுத் தீர்வையை ஒரு ராத்தலுக்கு 4 ஷில்லிங்கிலிருந்து 1 ஷில்லிங்காகவும், அதன்மேல் விலையில் 25 சதவீதமாகவும் குறைத்திருந்தது. சட்டப்படியான விற்பனையும் உடனே பெருகியது. அந்தப் பாதையிலேயே தொடர்ந்திருக்கலாம். ஆனால் அடுத்தடுத்து வந்த போர்களின் செலவுக்குத் தேயிலையே கைக்கு எட்டிய பொருளாக இருந்தது. வரி மறுபடியும் ஏறிக்கொண்டே போயிற்று.

நாள் 5: ரோலண்ட்ஸ் காசில், சிசெஸ்டர்

இன்றைய பதிவை எழுத மனம் கனக்கிறது. பூலில் கொள்ளையடித்தவர்கள் மறுநாள் ஃபோர்டிங்பிரிட்ஜ் ஊர் வழியாகப் பகலில் வெளிப்படையாகவே போனார்கள்; ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் நின்ற டேனியல் சேட்டர் என்ற செருப்புத் தொழிலாளியை அடையாளம் கண்டுகொண்ட ஒருவன் ஒரு பை தேயிலையை அவரிடம் எறிந்துவிட்டுப் போனான். அந்தப் பையே அவருக்கு எமனாயிற்று. பேச்சு பரவி, சேட்டர் அரசுத் தரப்புச் சாட்சியானார். 1748 பிப்ரவரியில், சுங்கத்துறையில் பணியாற்றிய வில்லியம் காலி என்பவர் அவரை அழைத்துக்கொண்டு, நீதிபதி ஒருவருக்கு எழுதிய கடிதத்தோடு சவுத்தாம்ப்டனிலிருந்து குதிரையில் புறப்பட்டார். வழி தவறி, ரோலண்ட்ஸ் காசிலில் ஒயிட் ஹார்ட் விடுதியில் இளைப்பாற இறங்கினார்கள்.

ஹேவன்ட் சந்திப்பிலிருந்து அடுத்த நிறுத்தம்தான் ரோலண்ட்ஸ் காசில். நீளமான பச்சைப் புல்வெளி, அதைச் சுற்றி வீடுகள், ரயில் பாலம், கிரிக்கெட் மட்டையோடு இரண்டு சிறுவர்கள். விடுதி நடத்திய விதவைப் பெண், வந்தவர்கள்மேல் சந்தேகம் கொண்டு கும்பலுக்கு ஆளனுப்பினாள். குடிக்க வைத்து, தூங்கிய நேரத்தில் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள். அதன் பிறகு நடந்த கொடுமைகளை நான் இங்கே விரிக்க மாட்டேன். காலி குற்றுயிராகவே புதைக்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் உடலைத் தோண்டி எடுத்தபோது கருதினார்கள். சேட்டரைப் பல நாள் கட்டி வைத்திருந்து வறண்ட கிணற்றில் தள்ளிக் கல்லெறிந்து கொன்றார்கள்.

காலி பெரிய அதிகாரி அல்லர். மேலிடம் கொடுத்த கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பித்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப நினைத்த கடைநிலை ஊழியர். இரவில் தனியாகக் கிடங்குச் சாவியோடு திரும்பிய எத்தனையோ சிப்பந்திகளை நான் அறிவேன். அவர்களில் ஒருவராகத்தான் அவரை நினைக்க முடிகிறது. கடத்தலைப் பற்றிய கதைகளில் நிலவொளியும் குதிரைக் குளம்பொலியும் இடம்பெறும் அளவுக்கு இந்த மனிதரின் பெயர் இடம்பெறுவதில்லை. அதனால்தான் இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன்: வில்லியம் காலி, சுங்க ஊழியர்.

மாலையில் சிசெஸ்டர் சென்றேன். ப்ரையரி பூங்காவின் புல்வெளியில், பழைய துறவியர் மடத்தின் எஞ்சிய பகுதியாக, பின்னாளில் நகர நீதிமன்றமாக விளங்கிய கட்டடம் தனித்து நிற்கிறது. 1749 சனவரியில் இந்த நகரில் சிறப்பு நீதிமன்றம் கூடி ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களில் ஜாக்சன் என்பவன், தன் உடலைத் தொங்கவிடப்போகும் இரும்புச் சங்கிலிக்கு அளவெடுத்த அன்றிரவே சிறையில் இறந்துபோனான்; மற்ற அறுவரையும் மறுநாள் நகரின் வடபுறத்துப் ப்ராயில் மேட்டில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கிங்ஸ்மில் லண்டனில் தூக்கிலேறினான். கும்பல் ஒழிந்தது. கடத்தல் ஒழியவில்லை.

நாள் 6: மீண்டும் லண்டன்

காலையில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தேயிலைப் பெட்டிகளைப் பார்த்தேன். உள்ளங்கை அகலச் சின்னப் பெட்டிக்கு நகைப்பெட்டிக்குப் போடுவது போன்ற பூட்டு. சாவி வீட்டு எசமானியம்மாளின் இடுப்பில் இருக்கும். கேடி என்ற அதன் ஆங்கிலப் பெயர், மலாய் மொழியில் எடையளவைக் குறிக்கும் காத்தி என்ற சொல்லிலிருந்து வந்தது. வேலைக்காரர் கைபடாமல் இலையைப் பூட்டி வைத்த அதே வீடுகள், அதை யாரிடம் வாங்கின என்று கேட்டால் வியப்பாக இருக்கும். நார்ஃபோக்கின் ஊர்ப் பாதிரியார் ஜேம்ஸ் வுட்ஃபோர்டு 1777 மார்ச்சில் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: இரவு பதினொரு மணிக்குக் கடத்தல்காரன் ஆண்ட்ரூஸ் சன்னலுக்கு வெளியே சீட்டியடித்தான், தாம் அவனுக்கு ஜின் கொடுத்து, ஹைசன் என்ற பச்சைத் தேயிலை ஆறு ராத்தலுக்கு ராத்தல் பத்தரை ஷில்லிங் வீதம் பணம் கொடுத்தார். ஒளிவுமறைவே இல்லை. தேவாலயத்தில் நீதி போதித்தவருக்கே இதில் பாவம் தோன்றாத நிலைக்கு ஒரு வரி நாட்டைக் கொண்டுவந்திருந்தது.

இந்த நிலையில் நேர்மையான வியாபாரியின் பாடு என்ன? அவன் கடைவாசலில் பலகை மாட்ட வேண்டும், கலால் அலுவலர் எப்போது வந்தாலும் இருப்பைக் காட்ட வேண்டும், குறிப்பிட்ட எடைக்கு மேல் சரக்கை இடம் மாற்ற அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். இவ்வளவும் செய்து, இரண்டு மடங்கு விலையைச் சொல்லி வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்குக் கலப்படம் வேறு: ஆஷ் என்னும் மரத்தின் இலையைக் காயவைத்து, அன்னபேதியும் ஆட்டுச் சாணமும் கலந்த நீரில் ஊறவைத்துத் தேயிலையோடு சேர்த்தார்கள். இலைக்காக மரங்கள் அழிகின்றன என்று 1777 இல் அதற்கெதிராகத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஸ்ட்ராண்ட் கடையின் அந்நாளைய உரிமையாளர் ரிச்சர்ட் ட்வைனிங், லண்டன் தேயிலை வணிகர்களின் குரலாக நின்று வரிக்குறைப்புக்கு வாதாடினார். 25 வயதேயான பிரதமர் இளைய வில்லியம் பிட், அவரைப் போன்ற வணிகர்களைக் கலந்தாலோசித்து, 1784 இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரை சதவீதமாகக் குறைத்தார். அதாவது முதல் நாள் நான் எழுதிய 219 பவுண்டு, நூற்றுப் பன்னிரண்டரை ஆயிற்று. கம்பெனி ஆண்டுக்கு நான்கு முறை ஏலம் விட வேண்டும், ஓராண்டுத் தேவைக்கான சரக்கை எப்போதும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கட்டளையிட்டது. வரியைக் குறைத்தபின் கம்பெனி தன் ஏகபோகத்தால் விலையை ஏற்றிவிடக் கூடாது என்ற இந்த முன்யோசனைதான் சட்டத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. இழந்த வருவாயை ஈடுகட்டச் சன்னல் வரியை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சொன்ன குருட்டுச் சன்னல்களின் உறவு இதுதான். சட்டப்படியான விற்பனை இரண்டே ஆண்டுகளில் இரு மடங்கைத் தாண்டியது. தேயிலைக் கடத்தலை நம்பியிருந்த ஸ்வீடன் கம்பெனி போன்றவற்றின் வியாபாரம் சரிந்தது. தூக்குமரம் முப்பத்தைந்து ஆண்டுகளில் செய்யாததை ஒரு கழித்தல் கணக்கு செய்து முடித்தது.

அந்த வளர்ச்சியின் சுமை வேறிடத்தில் விழுந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பெருகிய தேயிலைக்குக் காண்டனில் வெள்ளி கொடுத்து மாளாமல், வங்காளத்து அபின் அந்த வணிகத்துக்குள் புகுந்தது. நீலகிரியிலோ இலங்கை மலையகத்திலோ அப்போது தேயிலைத் தோட்டம் ஒன்றுகூட இல்லை; நம்மவர் கைகள் அந்த இலையைக் கிள்ளத் தொடங்கியது அடுத்த நூற்றாண்டில்.

கிளம்புமுன் ஸ்ட்ராண்ட் கடைக்குள் மறுபடி சென்று, இலங்கைத் தேயிலைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். வெளியே வந்து, பழக்கதோஷத்தால், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதில் வரி என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். இந்த நாட்டில் இன்று தேயிலைக்கு மதிப்புக்கூட்டு வரி பூச்சியம். சீனர் இருவரும் சிங்கமும் வீற்றிருக்கும் வாசலுக்கு எதிரே நின்று ரசீதை நான்காக மடித்து, இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.